கார் தாமதமானால் கம்பெனி ஏன் திவாலாகிறது? மின்வாகன ஸ்டார்ட்அப்களின் பணக்கணக்கு

2023-ஆம் ஆண்டில் ஃபிஸ்கர் என்ற அமெரிக்க மின்கார் நிறுவனம் 10,193 கார்களைத் தயாரித்தது. அதில் பாதிகூட வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரவில்லை. மறு ஆண்டு ஜூனில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. விற்காமல் நின்ற சுமார் 3,300 கார்களை, நியூயார்க்கில் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு வண்டி குத்தகைக்கு விடும் ஒரு நிறுவனம் ஏறக்குறைய 4.6 கோடி டாலருக்கு மொத்தமாக எடுத்துக்கொண்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு கார் 14,000 டாலர். அதே காரின் உயர்ரக வகைக்கு ஓராண்டுக்கு முன்பு 60,000 டாலருக்கு மேல் விலை போட்டிருந்தார்கள்.

கார் நன்றாக இருந்தும் கம்பெனி போவது எப்படி? மின்வாகனச் செய்திகளைப் படிக்கிற பலருக்கும் வரும் சந்தேகம் இது. போன மாதம் நண்பர் ஒருவர் என்னிடம், “ஆர்டர் குவியுதுன்னு போட்டிருக்கான், அப்புறம் ஏன் நஷ்டம்?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. கடை வாடகை கொடுத்த அனுபவம் இருந்தால் போதும்.

டிபன் கடைக் கணக்கு

ஒருவர் 8 லட்சம் ரூபாயோடு டிபன் கடை போடுகிறார் என்று வையுங்கள். அட்வான்ஸ், கிரைண்டர், அடுப்பு, மேசை நாற்காலி என்று 3 லட்சம் போய்விட்டது. மிச்சம் 5 லட்சம். கடை வாடகை, பேசி வைத்த மாஸ்டரின் சம்பளம், வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் சேர்த்து மாதம் 1 லட்சம் ஆகிறது. கடை திறந்தாலும் திறக்காவிட்டாலும் இந்த 1 லட்சம் போகும். ஆக, ஒரு இட்லிகூட விற்காமல் அவரால் 5 மாதம் தாங்க முடியும்.

இந்த மாதம் 1 லட்சத்தைத்தான் ஸ்டார்ட்அப் உலகில் கேஷ் பர்ன் என்கிறார்கள், அதாவது பணம் எரியும் வேகம். அந்த 5 மாதத்துக்குப் பெயர் ரன்வே. விமானம் மேலே எழும்ப வேண்டிய ஓடுபாதை என்ற பொருளில் வந்த சொல். பாதை முடிவதற்குள் எழும்பியாக வேண்டும்.

சரி, முதல் மாதமே திறக்க வேண்டிய கடை, லைசென்ஸ் வராமல் 3 மாதம் தள்ளிப்போகிறது. 3 லட்சம் எரிந்துவிட்டது. திறந்த பிறகும் முதல் இரண்டு மாதம் கூட்டம் பிடிக்கிற வரை கையைக் கடிக்கும். ஆகவே நாலாம் மாதம் அவர் கடன் கேட்டு யாரிடமாவது போகிறார். முதல் மாதம் போயிருந்தால் 2 வட்டிக்குக் கிடைத்திருக்கும். இப்போது பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு 5 வட்டி கேட்கிறார்கள்.

ஒரே தாமதம், அடி மூன்று. செலவு ஓடிக்கொண்டே இருக்கிறது, வரவு தள்ளிப்போகிறது, அடுத்து வாங்கும் பணத்தின் விலையும் ஏறிவிடுகிறது. மூன்றாவது அடியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. என் கணிப்பில் அதிகம் வலிப்பதும் அதுதான். ஸ்டார்ட்அப்புக்குக் கொடுக்கும் பணம் சொன்ன சொல்லை நம்பிக் கொடுப்பது. தேதி தவறும்போது அந்தச் சொல்லின் மதிப்புதான் முதலில் குறைகிறது.

ஒரு காரும் ஒரு லட்சம் காரும்

கண்காட்சி மேடையில் பளபளவென்று நிற்கும் மாதிரி வண்டியைக் கையால் செய்துவிடலாம். பொறியாளர்கள் பத்துப் பேர் இரவு பகலாக உட்கார்ந்து பொருத்தி, பொருந்தாத இடத்தில் அரத்தால் தேய்த்து, ஓட வைத்துவிடுவார்கள். அதே வண்டியை இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் அச்சு மாறாமல், தொழிற்சாலையிலிருந்து வெளியே விடுவது வேறு வித்தை. காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் உண்டு. எல்லாம் வந்து ஒன்றே ஒன்று வரவில்லை என்றாலும் லைன் நின்றுவிடும்.

ரிவியன் என்ற அமெரிக்க மின்வாகன நிறுவனத்துக்கு 2024-இல் நடந்ததைப் பாருங்கள். ஆண்டுக்கு 57,000 வண்டிகள் என்று சொல்லியிருந்தார்கள். அக்டோபரில் அதை 47,000 முதல் 49,000 என்று குறைத்தார்கள். காரணம், அவர்களே தயாரிக்கும் மோட்டாருக்கு வேண்டிய செம்புச் சுருள் தொடர்பான ஒரு பாகம் போதிய அளவு வரவில்லை. கடைசியில் அந்த ஆண்டு 49,476 வண்டிகள் வந்தன. பேட்டரி, மென்பொருள், தானியங்கி ஓட்டம் என்று எதை எதையோ பேசுகிறோம். ஏழாயிரத்து ஐந்நூறு வண்டியை நிறுத்தியது கொஞ்சம் செம்பு.

டெஸ்லாவும் இதில் மாட்டித் தப்பியதுதான். 2017-இல் மாடல் 3 தொடங்கியபோது ஜூலை முதல் செப்டம்பர் வரை 1,500 கார் என்பது திட்டம், வந்தவை 260. வாரம் 5,000 கார் என்ற இலக்கை 2017 முடிவுக்குள் தொடுவோம் என்றவர்கள் தொட்டது 2018 ஜூன் கடைசியில். அளவுக்கு மீறி ரோபோ போட்டதுதான் தவறு என்று எலான் மஸ்க் பிறகு ஒப்புக்கொண்டார். சில ரோபோக்களைக் கழற்றிவிட்டு, ஃப்ரீமான்ட் ஆலை வளாகத்தில் கூடாரம் போட்டு அதில் ஒரு லைனை ஓட்டினார்கள். அந்த நாட்களில் திவாலுக்கு ஒரு மாத தூரத்தில் இருந்தோம் என்று மஸ்க் பின்னாளில் சொன்னதும் உண்டு. டெஸ்லாவே இவ்வளவு திணறித்தான் மீண்டது. ஆகவே தாமதம் வந்த உடனே ஒரு கம்பெனியைக் கைகழுவ வேண்டியதில்லை. அது வரும்போது கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு வண்டிக்கு 43,000 டாலர் நஷ்டம் என்றால்?

ரிவியனை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். பாடம் படிக்க இதைவிடத் தெளிவான கம்பெனி இல்லை.

ஆர்.ஜே. ஸ்கேரிஞ்ச் 2009-இல் தொடங்கியது. இல்லினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊரில் மிட்சுபிஷி கைவிட்ட பழைய கார் ஆலையை 2017-இல் வாங்கினார்கள். முதல் பிக்அப் வண்டியை 2021 செப்டம்பரில் வாடிக்கையாளரிடம் கொடுத்தார்கள். அந்த நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்து ஏறக்குறைய 1,200 கோடி டாலர் திரட்டினார்கள். ஆங்கிலச் செய்தியில் ஒரு பில்லியன் என்று வருவது நம் கணக்கில் 100 கோடி. அந்த ஆண்டு முழுக்க அவர்கள் தயாரித்ததோ 1,015 வண்டிகள்.

2022-க்கு 50,000 வண்டிகள் போட முடியும், ஆனால் உதிரிபாகத் தட்டுப்பாட்டால் பாதிதான் போடுவோம் என்று மார்ச்சில் சொன்னார்கள். வந்தவை 24,337. அந்த ஆலையின் திறனோ ஆண்டுக்கு 1,50,000. ஆறில் ஒரு பங்கு வேலைதான் நடக்கிறது. ஆனால் கட்டடம், இயந்திரம், ஆள், மின்சாரம் எல்லாம் முழு ஆலைக்கும் ஆகிற செலவு. அதை எதன் தலையில் ஏற்றுவது? வந்த வண்டிகளின் தலையில்தான்.

திருமண மண்டபத்துக்கு வாடகை 2 லட்சம் என்றால் ஆயிரம் பேர் வந்தால் தலைக்கு 200 ரூபாய். நூறு பேர் வந்தால் தலைக்கு 2,000. சாப்பாடு அதே சாப்பாடுதான். 2023-இன் கடைசிக் காலாண்டில் ரிவியன் விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் சுமார் 43,000 டாலர் மொத்த நஷ்டம் (விற்ற பணத்தில் தயாரிப்புச் செலவை மட்டும் கழித்தால் வருவது) என்று செய்தி வந்ததே, அதில் ஒரு பகுதி இந்த மண்டப வாடகைக் கணக்கு. “ஒரு வண்டிக்கு 43,000 நஷ்டம் என்றால் விற்காமலே இருக்கலாமே” என்று கேலி பேசினார்கள். விற்காமல் இருந்தால் மண்டப வாடகை குறைந்துவிடாது.

முழுக்க வாடகைதான் காரணம் என்றும் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்னொரு பொறி இருந்தது: விலை. ரிவியன் 2018-லேயே வண்டியைக் காட்டி, விலையைச் சொல்லி, முன்பதிவு வாங்கத் தொடங்கிவிட்டது. வண்டி கொடுக்கும் காலம் வருவதற்குள் இரும்பிலிருந்து சிப் வரை எல்லாம் விலையேறிவிட்டன. 2022 மார்ச் 1-ஆம் தேதி விலையை ஏறக்குறைய 20 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். ஏற்கனவே பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கும் இதே விலை என்றார்கள். கொதித்துப் போனார்கள் மக்கள். பதிவை ரத்து செய்வோர் கூட்டம் சேர்ந்தது. இரண்டே நாளில் ஸ்கேரிஞ்ச் மன்னிப்புக் கேட்டு, பழைய பதிவுகளுக்குப் பழைய விலையே என்று அறிவித்தார். நியாயமான முடிவுதான். ஆனால் பழைய விலைக்கு வாங்கிய ஆர்டரைப் புதிய விலைப் பொருட்களை வைத்து முடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. எஸ்டிமேட் போட்டு மூன்று வருடம் கழித்து வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரிக்கு இந்த வலி புரியும்.

கையிருப்பு எப்படிக் கரைந்தது என்று பாருங்கள். 2021 முடிவில் தோராயமாக 1,800 கோடி டாலர். 2022 முடிவில் 1,160 கோடி. 2023 முடிவில் 940 கோடி. 2024 முடிவில் 770 கோடி. நடுவில் கடன் பத்திரம் விற்ற பணமும், ஃபோக்ஸ்வாகன் 2024-இல் கொடுத்த சுமார் 230 கோடியும் சேர்ந்த பிறகு நின்ற கணக்கு இது. அவை இல்லையென்றால் இன்னும் கீழே.

2024 ஏப்ரலில் சில வாரம் ஆலையை மூடி, லைனை மாற்றி அமைத்து, பாகங்களைக் குறைத்து, வடிவமைப்பை எளிதாக்கினார்கள். அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் முதல் முறையாக மொத்த லாபம் காட்டினார்கள், 17 கோடி டாலர். செய்திகளில் கொண்டாட்டம். நான் அந்த அறிக்கையில் இன்னொரு வரியைத்தான் தேடினேன். அந்தக் காலாண்டில் மாசு விதிகளுக்கான கிரெடிட் விற்று வந்த பணம் ஏறக்குறைய 30 கோடி டாலர். அதாவது, விதிப்படி போதிய அளவு புகையில்லா வண்டி விற்காத மற்ற கார் கம்பெனிகள், அந்தக் குறையை ஈடுகட்ட மின்கார் நிறுவனங்களிடமிருந்து புள்ளிகளை விலைக்கு வாங்கும். அந்த வரும்படியை எடுத்துவிட்டால் லாபம் மறைந்துவிடும். 2025-இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கன விதியை மீறுவதற்கான அபராதத்தையே பூஜ்ஜியமாக்கியது. அபராதம் இல்லை என்றால் புள்ளி எதற்கு? மின்கார் வாங்குவோருக்கு இருந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் அந்த ஆண்டு செப்டம்பர் 30-உடன் முடிந்தது.

முன்பதிவு என்பது வருமானம் ஆகாது

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். “ஆர்டர் குவிகிறது” என்ற தலைப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் தரும். ஃபிஸ்கரில் 250 டாலர் கொடுத்துப் பெயர் எழுதி வைக்கலாம், ரிவியனில் 1,000 டாலர். மனம் மாறினால் பணம் திரும்ப வரும், அல்லது பெரும்பகுதி வரும். சொத்தையே விற்று வாங்கிய சீட்டு இல்லை அது.

இதன் உச்சம் லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ். ஓஹையோவில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய பெரிய ஆலையை 2019-இல் வாங்கி, மின் பிக்அப் செய்யப் போவதாக வந்த கம்பெனி. 2020 அக்டோபரில் ஸ்பேக் வழியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஸ்பேக் என்றால், தொழிலே இல்லாமல் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு சந்தையில் பட்டியலிட்டிருக்கும் ஒரு வெற்றுக் கம்பெனி. அதோடு இணைந்துவிட்டால், முதல் முறையாகப் பங்கு வெளியிடும் வழக்கமான ஐபிஓ சடங்குகள் இல்லாமல் குறுக்கு வழியில் நுழையலாம். வருங்கால விற்பனைக் கணிப்புகளைத் தாராளமாகக் காட்டவும் அப்போது வழி இருந்தது. ஒரு வண்டிகூட விற்காத பல மின்வாகனக் கம்பெனிகள் 2020, 2021-இல் இந்த வழியாகத்தான் வந்தன.

லார்ட்ஸ்டவுன் சுமார் 1,00,000 முன்பதிவு என்றது. 2021 மார்ச்சில் ஹிண்டன்பர்க் என்ற ஆய்வு நிறுவனம், அவற்றில் பெரும்பாலானவை வெறும் காகிதம் என்று அறிக்கை போட்டது. அதானி விவகாரத்தில் நாம் கேள்விப்பட்ட அதே ஹிண்டன்பர்க்தான். ஜூனில் லார்ட்ஸ்டவுனே தன் கணக்கறிக்கையில், நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் இருப்பதாக எழுதியது. நிறுவனர் ஸ்டீவ் பர்ன்ஸ் பதவி விலகினார். அப்புறம் ஆலையை ஃபாக்ஸ்கானிடம் 23 கோடி டாலருக்கு விற்றார்கள். 2021 செப்டம்பரில் தொடங்க வேண்டிய உற்பத்தி ஓராண்டு தள்ளிப்போய், கொஞ்சம் வண்டிகளோடு நின்றது. 2023 ஜூனில் திவால் மனு. முன்பதிவு பற்றி முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2024-இல் குற்றம் சாட்டி, வழக்கு சமரசமாக முடிந்தது.

“தொடர்ந்து இயங்குமா என்பதில் ஐயம்” என்ற வரியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மொழியில் கோயிங் கன்சர்ன் என்பார்கள். அடுத்த 12 மாதத்துக்குக் கையில் உள்ள பணம் போதுமா என்பது சந்தேகம் என்றால் இதை எழுதியே ஆக வேண்டும். எழுதின எல்லோரும் மூடிவிடுவதில்லை. ஆனால் எழுதின பிறகு உதிரிபாகம் கொடுப்பவர் ரொக்கம் கேட்பார், கடன் கொடுப்பவர் அடமானம் கேட்பார். ரன்வே இன்னும் சுருங்கும்.

தாமதம் ஆலை வாசலுக்கு வெளியேயும் வரும்

ஃபிஸ்கர் கதை இங்கேதான் சுவாரசியமாகிறது. சொந்த ஆலையே வேண்டாம், ஆஸ்திரியாவில் கிராஸ் நகரில் உள்ள மாக்னா நிறுவனத்திடம் கொடுத்துச் செய்து வாங்கிக்கொள்வோம் என்பது அவர்கள் திட்டம். மண்டப வாடகைத் தொல்லை கிடையாது. 2022 நவம்பரில் தொடங்குவோம் என்றார்கள், தொடங்கினார்கள்.

இடறியது அதற்குப் பிறகுதான். மென்பொருள் முழுதாக முடியவில்லை. அங்கீகாரங்கள் வரத் தாமதமாயின. டீலர் இல்லாமல் நேரடியாகக் கொடுப்போம் என்றதால், கப்பலில் வந்து இறங்கிய கார்களை வீடு வீடாகக் கொண்டு சேர்க்க ஆளும் ஏற்பாடும் போதவில்லை. 2023-க்கு 42,400 கார் என்ற முதல் திட்டம் பலமுறை வெட்டப்பட்டு 10,000 அளவுக்கு வந்தது. செய்த காரில் பாதிக்கு மேல் நிறுத்துமிடத்தில் நின்றது. ஆலையே இல்லாவிட்டாலும் செய்து முடித்த காருக்கான செலவு போனது போனதுதான். நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு காரும் டாலர் கட்டு ஒன்றைப் பூட்டி வைத்த மாதிரி. 2024 மார்ச்சில் பெரிய கார் நிறுவனம் ஒன்றோடு நடந்த பேச்சு முறிந்தது. விலையைத் தடாலடியாகக் குறைத்தார்கள். அதுவும் உதவவில்லை.

ஹென்ரிக் ஃபிஸ்கருக்கு இது இரண்டாம் முறை. அவருடைய முதல் கம்பெனி 2013-இல் திவாலானது. அப்போது பேட்டரி கொடுத்துவந்த ஏ123 நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே திவாலாகியிருந்தது.

பெரிய கை யாருடையது?

லூசிட் என்ற இன்னொரு அமெரிக்க மின்கார் நிறுவனத்தின் எண்களை மட்டும் பார்த்தால் ஃபிஸ்கரை விடவும் மோசம் என்றுதான் தோன்றும். 2022-க்கு 20,000 கார் என்றார்கள். பிப்ரவரியில் 12,000 முதல் 14,000 என்றார்கள். ஆகஸ்டில் 6,000 முதல் 7,000 என்றார்கள். வந்தவை 7,180. ஆனாலும் அரிசோனாவில் ஆலை ஓடுகிறது. காரணம், அதன் பங்குகளில் பாதிக்கு மேல் வைத்திருப்பது சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதி. 2024-இல் மட்டும் மார்ச்சில் 100 கோடி டாலர், ஆகஸ்டில் 150 கோடி என்று அங்கிருந்து வந்தது. வரிசையாகத் தேதி தவறினாலும் பணம் கொடுக்க ஒருவர் இருந்தால் ரன்வே நீண்டுகொண்டே போகும். அவருக்கு அலுத்துப்போகிற நாள் எது என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

நம் பக்கத்து அனுபவமும் உண்டு. மின்ஸ்கூட்டர் செய்யும் ஏதர் நிறுவனம் ஐஐடி மெட்ராஸில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கியது. ஸ்கூட்டரை 2016 பிப்ரவரியில் மேடையில் காட்டினார்கள், விற்பனைக்கு வந்தது 2018-இல். அந்தத் தாமதத்தைத் தாங்க வைத்ததில் 2016-இல் உள்ளே வந்த ஹீரோ மோட்டோகார்ப்பின் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரில் மட்டும் முதலில் விற்று, மெதுவாக வளர்ந்து, 2021 தொடக்கத்தில் ஓசூர் ஆலைக்கு வந்தார்கள். ஓலா நேர்மாறு. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் பெரிய ஆலை, 2021 ஆகஸ்ட் 15-இல் அறிமுகம், அக்டோபரில் கொடுப்போம் என்ற வண்டி டிசம்பர் நடுவில்தான் வரத் தொடங்கியது. இரண்டு கம்பெனியும் இப்போது பங்குச் சந்தையில் இருக்கின்றன. காலாண்டு அறிக்கைகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன.

அந்த அறிக்கையைத் திறந்தால் முதலில் நான் பார்ப்பது கையிருப்புப் பணம். அடுத்து, தொழில் நடத்தவும் இயந்திரம் வாங்கவுமாக அந்தக் காலாண்டில் வெளியே போன பணம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் இன்னும் எத்தனை காலாண்டு தாங்கும் என்று வரும். பிறகு, தயாரித்த எண்ணுக்கும் கொடுத்த எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி. கடைசியாக, வண்டி விற்ற பணத்தில் பொருளும் ஆலையும் போக மிஞ்சுவது கூடுகிறதா குறைகிறதா. நிகர நஷ்டம் எவ்வளவு என்ற தலைப்பு எண்ணை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அதில் காசே போகாத தேய்மானக் கணக்கும், ஊழியருக்குப் பங்காகக் கொடுத்ததும் கலந்திருக்கும்.

இப்படிப் பார்த்தால் ரிவியனின் எதிர்காலம் ஆர்2 என்ற சின்ன வண்டியின் தலையில் உட்கார்ந்திருப்பது தெரியும். 2024 மார்ச்சில் காட்டினார்கள். விலை 45,000 டாலர் அளவில், உற்பத்தி 2026-இன் முதல் பாதியில் என்றார்கள். ஆலையின் வெற்றிடத்தை நிரப்ப விலை உயர்ந்த வண்டிகளால் முடியாது, இதனால் முடியலாம். ஃபோக்ஸ்வாகன் 580 கோடி டாலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் மொத்தமாக இல்லை, தவணையில். 2025-இல் வந்த 100 கோடி, ரிவியன் இரண்டு காலாண்டு மொத்த லாபம் காட்டிய பிறகுதான் வந்தது. அதற்கு அடுத்த காலாண்டிலேயே ரிவியன் மறுபடி மொத்த நஷ்டத்துக்குப் போனது. அடுத்த தவணைகளிலும் சிலவற்றுக்கு இப்படி நிபந்தனை எழுதி வைத்திருக்கிறார்கள்.